மூன்றாவது கோல்கீப்பரின் விடுவிப்புக் கடிதம்

ஒரு தொழில்முறைக் கால்பந்துக் கழகத்தில் பருவம் தொடங்கும்போது மூன்று கோல்கீப்பர்கள் இருக்க வேண்டும் என்பது விதி. முதலாமவர் ஆடுவார். இரண்டாமவர், முதலாமவருக்கு எப்போது அடிபடும் என்று வெளியே சொல்லாமல் காத்திருப்பார். மூன்றாமவர் எதற்கு என்பதை விதியை எழுதியவர்களைத்தான் கேட்க வேண்டும்.

நம் ஆள் அந்த மூன்றாமவர். வண்டியின் பின்னால் சும்மா மாட்டியிருக்கும் சக்கரத்துக்கு என்ன பெயரோ, அதையே அணியில் இவருக்கு வைத்திருந்தார்கள்: ஸ்டெப்னி. ஏழு வருடத்தில் வண்டி எத்தனையோ பள்ளத்தில் விழுந்தது. ஸ்டெப்னியைக் கழற்றி மாட்ட மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. தினமும் காலையில் முன்கள ஆட்டக்காரர்கள் கோலைப் பார்த்து இருநூறு பந்து அடித்துப் பழகுவார்கள். அதைத் தடுக்க ஓர் ஆள் வேண்டுமல்லவா, அது இவர். ஆட்டநாளில் கையுறையை மாட்டிக்கொண்டு, சட்டைக்கு மேல் கோட்டும் போட்டுக்கொண்டு, பெஞ்சின் கடைசியில் தண்ணீர் பாட்டில்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அந்தக் கோட்டை அவர் ஆட்டத்துக்காகக் கழற்றியதே இல்லை.

அவர் மனைவிக்குக் கண் மருத்துவமனையில் வேலை. ரயிலில் ஆறு மணி நேரம் தள்ளி, தன் அண்ணன் இருக்கும் ஊரில் ஒன்பது வயதுப் பெண்ணோடு இருந்தார். இவர் மாதம் ஒரு முறை போவார். போன வருடம் ஒரு நாள் மகள் போனில், "அப்பா, எங்க வீட்டுக்கு எப்ப வருவே?" என்று கேட்டாள். அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். அந்த 'எங்க வீடு' இவருக்கு நெஞ்சில் தைத்துவிட்டது. அந்த வீட்டுக்கு வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவரே இவர்தான்.

அன்றைக்கே முடிவு செய்தார். மைத்துனர் அந்த ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் அலுவலக எழுத்தர். அங்கே உடற்பயிற்சி ஆசிரியர் வேலை காலியாக இருந்தது. இவர் ஆறு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் படித்துப் பயிற்சியாளர் சான்றிதழ் வாங்கினார், தேர்வு எழுதினார், முதலாவதாக வந்தார். பள்ளிக்கூடம் கேட்டது ஒன்றே ஒன்று. கடைசியாக வேலை பார்த்த இடத்திலிருந்து விடுவிப்புக் கடிதம், அசல். அடுத்த மாதத்துக்கு அடுத்த மாதம் முதல் தேதி, திங்கட்கிழமை, காலை பத்து மணிக்குக் கடிதத்தோடு வந்து சேர வேண்டும். வராவிட்டால் பட்டியலில் இரண்டாவதாக இருப்பவரைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

"மாப்ள, பத்துன்னா பத்து," என்றார் மைத்துனர் போனில். "பத்தேகாலுக்கு வந்துட்டு என் முகத்தைப் பாக்காதீங்க. நான் வெறும் கிளார்க்."

"கைல ஏழு வாரம் இருக்கு மச்சான். ஒரு தாளு, மூணு கையெழுத்து. ரெண்டு நாள் வேலை."

பாவம். ஏழு வருடம் இருந்தும் அவருக்குக் கழகத்தைத் தெரியவில்லை.

கழகம் அப்போது புள்ளிப் பட்டியலில் கடைசி இடத்தில் இருந்தது. தொடர்ந்து ஏழு ஆட்டங்களில் தோல்வி. அப்போதைய பயிற்சியாளர் பொறுமைக்காரர். பந்தை நம்மிடமே வைத்திருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அவருடைய அணி ஓர் ஆட்டத்தில் எழுநூறு முறை பந்தை ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டது; கோலைப் பார்த்து ஒரு முறை கூட அடிக்கவில்லை. எதிரணி ஒரே முறை பந்தை வாங்கி ஒரே முறை அடித்து ஜெயித்தது. புதுப் பயிற்சியாளர் வந்தால் அவர் கொள்கையை உடைமாற்றும் அறைச் சுவரில் எழுதுவது கழகத்தின் வழக்கம். ஆகவே சுவரில் 'பந்து நம்முடையது' என்று முழ உயரத்தில் எழுதியிருந்தது. தோல்விகளையும் எழுதியிருந்தால் சுவரே போதாமல் போயிருக்கும்.

பொறுமைக்காரர் நல்ல மனிதர். செவ்வாய்க்கிழமை விடுவிப்புப் படிவத்தை நீட்டியதும், "குடும்பத்தோட இருங்க, அதைவிட என்ன வேணும்?" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மீதி இரண்டு கையெழுத்து, செயலாளருடையதும் தலைவருடையதும். வியாழக்கிழமைக் கூட்டத்தில் போடுவார்கள் என்றார்கள்.

புதன்கிழமை தலைவர் நிருபர்களைக் கூப்பிட்டார். தலைவருக்கு மைக்கைப் பார்த்துவிட்டால் கையும் ஓடாது காலும் ஓடாது, வாய் மட்டும் ஓடும்.

"பயிற்சியாளர் மேல எங்களுக்கு முழு நம்பிக்கை இருக்கு," என்றார். "போன பயிற்சியாளர் மேலயும் இருந்துச்சு. அதுக்கு முன்னாடி இருந்தவர் மேல இன்னும் அதிகமா இருந்துச்சு. நம்பிக்கை வைக்கிற விஷயத்துல இந்தக் கழகத்தை யாரும் அடிச்சுக்க முடியாது. ஒரே வருஷத்துல நாலு பேர் மேல வச்சிருக்கோம்."

வியாழக்கிழமை காலை பொறுமைக்காரர் தன் பெட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தார். மதியம் ஸ்டெப்னி செயலாளர் அறைக்குப் போனார். செயலாளர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, படிவத்தில் பயிற்சியாளர் கையெழுத்தின் மேல் அளவுகோலை வைத்து நேராக ஒரு கோடு கிழித்தார்.

"என்ன சார், அடிச்சிட்டீங்க?"

"மூணு கையெழுத்தும் முடியறப்போ மூணு பேரும் பதவியில இருக்கணும். இவர் இல்லையே."

"போட்டப்போ இருந்தாரே சார்!"

"போட்டப்போ இருந்தார். நான் இல்லைன்னு சொல்லல. முடிஞ்சப்போ இல்ல. புதுசா வர்றவர்கிட்ட வாங்கிக்குங்க. என்ன அவசரம், இன்னும் நாள் இருக்கில்ல."

புதிதாக வந்தவர் வேகக்காரர். வந்த அன்றே பெயிண்டர் ஏணியோடு வந்து சுவருக்கு வெள்ளை அடித்து, 'யோசிக்காதே, ஓடு' என்று எழுதினார். வேகக்காரர் நடந்துகொண்டே பேசுவார். ஸ்டெப்னி படிவத்தைப் பிடித்துக்கொண்டு மைதானத்தை மூன்று சுற்று அவர் பின்னாலேயே ஓடிச் சொல்லி முடித்தார்.

"யாரையும் பாக்காம அனுப்பறது என் பழக்கம் இல்ல," என்றார் வேகக்காரர். "முப்பது நாள் ஒவ்வொருத்தரையும் உத்துப் பாப்பேன். அப்புறம்தான் யாரு இருக்கணும், யாரு போகணும்னு சொல்வேன்."

"சார், நானே போறேன்னுதான் சொல்றேன்."

"அது உங்க கருத்து. அதை நான் குறிச்சு வச்சுக்கறேன்."

அந்தச் சமயத்தில்தான் பருவத்தின் நடுவே ஆட்டக்காரர்களை வாங்கவும் விற்கவும் அனுமதிக்கும் மூன்று வாரம் திறந்தது. மற்ற கழகங்களில் இதற்கென்று வல்லுநர்கள் இருப்பார்கள். இங்கே தலைவரே அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டார். தற்காப்பு பலவீனமாக இருக்கிறது என்று முதல் கோல்கீப்பரை விற்றார். கோல் விழுவதற்குக் காரணமே கோல்கீப்பர்தான் என்பது அவர் கண்டுபிடிப்பு. எல்லாக் கோலின் போதும் அந்த ஆள் அங்கேயே நின்றிருந்தாராம். இரண்டாவது கோல்கீப்பரைக் கொடுத்துவிட்டு அதற்கு மாற்றாக ஒரு முன்கள ஆட்டக்காரரை வாங்கினார். வந்தவர் ஊன்றுகோலோடு வந்தார். முழங்கால் வரைக்கும் மாவுக்கட்டு.

நிருபர்கள் கேட்டதற்குத் தலைவர் சிரித்தார். "நீங்க அவர் காலையே பாக்கறீங்க. அவர் பேரைப் பாருங்க. எவ்வளவு பெரிய பேரு!"

பெரிய பேர் பெஞ்சில் உட்கார்ந்திருக்க, கோல் அடிக்க ஆளில்லை என்பதால் தடுப்பாட்டக்காரர் ஒருவரை விற்று, முந்தின வாரம் தாங்களே விற்றிருந்த இன்னொரு முன்கள ஆட்டக்காரரைத் திரும்ப வாங்கினார்கள். அவர் தன் அலமாரியைக் காலி செய்யக்கூட இல்லை. வெளியே சாப்பிடப் போனவரைப் போல் வந்து சட்டையை மாட்டிக்கொண்டார். இன்னொருவரைக் காலையில் நிருபர்களுக்கு அறிமுகம் செய்து, மாலையில் வேறு கழகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர் இந்தக் கழகத்தில் இருந்த ஒன்பது மணி நேரத்தில் பேசியது ஸ்டெப்னியிடம் மட்டும்தான். கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டார்.

பயிற்சிக்கு வந்தால் யார் யார் என்று ஒருவருக்கொருவர் தெரியவில்லை. "ஏய் நீலக் காலுறை!" "ஏய் தாடி!" என்று கூவிக்கொண்டுதான் பந்து கொடுத்தார்கள். தாடிக்காரர் ஒரு நாள் சவரம் செய்துகொண்டு வந்துவிட்டதால் அன்று முழுக்க அவருக்குப் பந்தே வரவில்லை. யோசிக்காமல் ஓடும்படி சொல்லியிருந்ததால் எல்லோரும் ஓடினார்கள். எட்டாவது தோல்வி, ஒன்பதாவது தோல்வி. பதினாறாவது நாள் வேகக்காரர், வந்ததைவிட வேகமாகப் போனார். ஸ்டெப்னியை உற்றுப் பார்க்க அவருக்கு இன்னும் பதினான்கு நாள் பாக்கி இருந்தது.

"கெணத்துல போட்ட கல்லா இருக்கு மாப்ள உங்க கடுதாசி," என்றார் மைத்துனர்.

"கல்லுன்னா அடியிலயாவது கெடக்கும் மச்சான். இது மிதக்குது, எடுக்கப் போனா தள்ளித் தள்ளிப் போகுது."

மூன்றாவதாக வந்தவர் எண்காரர். மடிக்கணினி இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. சுவரில் என்ன எழுத வேண்டும் என்று பெயிண்டர் கேட்டதற்கு ஒரு சீட்டில் '1.37' என்று எழுதிக் கொடுத்தார். பெயிண்டர் பாதி எழுதிவிட்டு ஏணியிலிருந்து குனிந்து ஸ்டெப்னியைக் கேட்டார்.

"ஏங்க, இது எதோட கணக்குங்க?"

"தெரியலைங்க. நீங்க எழுதுங்க."

"எழுதறேன். முன்னாடி எழுதினதும் எனக்குப் புரியலதான். ஆனா இது புரியலன்னு நல்லாத் தெரியுது."

எண்காரர் ஸ்டெப்னியை மரியாதையாக உட்காரவைத்தார். கணினியில் எதையோ தட்டினார். திரையைத் திருப்பிக் காட்டினார். அதில் ஒன்றுமில்லை.

"பாருங்க. உங்களைப் பத்தி ஒரு எண் கூட இல்ல. ஏழு வருஷத்துல ஒரு நிமிஷம் கூட ஆடல."

"ஆமா சார். அதனாலதான் போறேன்றேன்."

"ஆதாரம் இல்லாம ஒரு ஆளை நான் எப்படி விடறது? நீங்க அணிக்குத் தேவையா, தேவையில்லையான்னு எண் சொல்லணும். எண் வேணும்னா நீங்க ஆடணும்."

"அப்ப ஆடவிடுங்க சார். கோல்கீப்பர்னு இப்ப மிச்சம் இருக்கறதே நான்தானே."

"எண் இல்லாத ஆளை நான் எப்படி ஆடவிடறது?" என்று எண்காரர் வருத்தத்தோடு சொன்னார். சொன்னபடியே செய்தார். இரண்டு ஆட்டத்துக்கும் நடுக்கள ஆட்டக்காரர் ஒருவரைக் கையுறை மாட்டிக் கோலில் நிற்கவைத்தார். அவருக்கு எண்கள் நிறைய இருந்தனவாம். பத்தாவது தோல்வியில் ஆறு கோல், பதினோராவதில் எட்டு கோல் வாங்கினார். அன்று இரவு ஸ்டெப்னிக்கு வந்த கோபத்துக்குக் கழகத்தையே கொளுத்தியிருப்பார். ஆனால் அதற்கும் மூன்று கையெழுத்து கேட்பார்கள் என்று படுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை எண்காரரை நீக்கினார்கள். மறுநாள் சனிக்கிழமை நாலு மணிக்கு ஆட்டம். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பள்ளிக்கூடம்.

தலைவர் காலையிலிருந்து எட்டுப் பயிற்சியாளர்களுக்குப் போன் போட்டார். ஏழு பேர் எடுக்கவில்லை. எட்டாமவர் எடுத்து, தான் வெளியூரில் இருப்பதாகச் சொன்னார், பின்னாலேயே அவர் மனைவி, "வீட்லதானே இருக்கீங்க?" என்று கேட்டது தெளிவாகக் கேட்டது. சான்றிதழ் பெற்ற பயிற்சியாளர் ஒருவர் பெயரைக் கொடுக்காவிட்டால் ஆட்டமே நடக்காது என்பது விதி. செயலாளர் கோப்புகளைப் புரட்டினார். கழகத்தில் பயிற்சியாளர் சான்றிதழ் ஒன்றே ஒன்று இருந்தது. ஸ்டெப்னியின் விடுவிப்பு விண்ணப்பத்தில், இணைப்பு நான்கு.

போவதற்காக இணைத்த தாள், அவரைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டது.

நிருபர்கள் முன்னால் தலைவர் அவர் தோளில் கையைப் போட்டார். "வெளியிலேர்ந்து ஆளைக் கொண்டுவரலாம்னு நிறைய பேர் சொன்னாங்க. நான் சொன்னேன், வேண்டாம், நம்ம ஆளு இருக்காரு. ஏழு வருஷமா இவரை நாங்க பத்திரமா வச்சிருந்தோம். ஒரு ஆட்டத்துல கூட ஆடவிட்டு வீணாக்கல. இந்தக் கழகத்துல தோல்விக்குக் காரணமா இல்லாத ஒரே ஆள் இவர்தான்!"

நிருபர்கள் எழுதிக்கொண்டார்கள். நம் ஆளுக்கு ஒன்றுமே காதில் விழவில்லை. வேறு ஒரு விஷயம் மண்டையில் பளிச்சென்று உறைத்திருந்தது. பயிற்சியாளர் என்றால், படிவத்தில் முதல் கையெழுத்து யாருடையது? இவருடையதே!

செயலாளர் அறைக்கு ஓடினார். 'மேற்படி ஆட்டக்காரரை விடுவிக்கப் பரிந்துரைக்கிறேன்' என்று இருந்த இடத்தில் தானே தன்னை விடுவித்துக் கையெழுத்துப் போட்டார். செயலாளர் போட்டார். தலைவர் வேறு எதற்கோ என்று நினைத்துக்கொண்டு அவரும் போட்டார். மூன்று கையெழுத்து! வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. செயலாளர் முத்திரையை எடுத்தார், மையில் ஒற்றினார், தாளுக்கு மேல் கொண்டுபோனார், அப்படியே நிறுத்தினார்.

"ஒரு சின்ன விஷயம்."

"ஐயோ, என்ன சார்?"

"இதுல கடைசி வரி இருக்கு பாருங்க. 'இவர் கழகத்தில் எந்தப் பொறுப்பிலும் இல்லை என்று உறுதியளிக்கப்படுகிறது.' நீங்க பயிற்சியாளரா இருக்கீங்களே."

"ராஜினாமா பண்றேன் சார். இப்பவே எழுதித் தர்றேன்."

"பயிற்சியாளர் ராஜினாமான்னா தொண்ணூறு நாள் முன்னறிவிப்பு." செயலாளர் முத்திரையைக் கீழே வைத்தார். அவர் கெட்டவர் இல்லை. முப்பது வருடமாக விதிகளோடு குடும்பம் நடத்தியவர், அவ்வளவுதான். "ஆனா நீக்கினா உடனே. ஒரு மணி நேரத்துல போயிடலாம்."

"அப்ப நீக்குங்க சார்!"

"தோத்தாத்தான் நீக்கலாம். அதுவும் விதி." பிறகு குரலைத் தாழ்த்தி ஆறுதலாகச் சொன்னார். "எதுக்குக் கவலைப்படறீங்க? நாளைக்கு எதிர்த்து வர்றது பட்டியல்ல முதல் இடத்துல இருக்கிற அணி. நாம பதினோரு தடவை தோத்திருக்கோம். பன்னெண்டாவதுக்கு என்ன சிரமம்? நீக்கல் உத்தரவு, நன்றி அறிக்கை, உங்க கடிதம், மூணையும் நான் இன்னைக்கே தயார் பண்ணி வச்சுடறேன். ஆறு மணிக்கு விசில், ஆறேகாலுக்கு முத்திரை."

சொன்னபடி தயார் செய்தார். நன்றி அறிக்கையைப் படித்துக்கூடக் காட்டினார். 'பயிற்சியாளராக அவர் ஆற்றிய நீண்ட சேவையைக் கழகம் மறக்காது' என்று இருந்தது. ஒரு நாள்தானே என்று இவர் கேட்டார். போன முறை அறிக்கையில் பெயரை மட்டும் மாற்றியதாகச் செயலாளர் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலுக்குச் சீட்டு எடுத்தார். அறையைக் காலி செய்தார். ஏழு வருடச் சாமான் இரண்டு பையில் அடங்கிவிட்டது. மனைவிக்குப் போன் செய்தார்.

"நிச்சயமா தோத்துடுவீங்கள்ல?" என்றார் மனைவி.

"பதினோரு தடவை தோத்திருக்கோம்மா."

"அப்ப உங்களுக்குக் கோல்ல யாரு?"

"நான்தான். வேற ஆள் இல்ல."

"முதல் தடவை ஆடப்போறீங்க," என்றார் மனைவி. "பாப்பாகிட்ட சொல்லவா? டிவில காட்டுவாங்களா?"

"காட்டுவாங்க. சொல்லு. தோத்தா அழக் கூடாதுன்னும் சொல்லு. தோத்தாத்தான் அப்பா வர முடியும்னு சொல்லு."

"அதெல்லாம் அவளுக்குப் புரியும். அவ கேக்கறதே ஒண்ணுதான். நாளன்னிக்கு வந்துடுவீங்கள்ல?"

"வந்துடுவேன்."

சனிக்கிழமை உடைமாற்றும் அறையில் பத்துப் பேர் இவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தலைக்கு மேலே 1.37. பயிற்சியாளர் என்றால் ஏதாவது சொல்ல வேண்டும். இவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை. இவருடைய கொள்கை ஆறேகால் மணி முத்திரை. அதைச் சுவரில் எழுத முடியாது.

"உங்க பேரெல்லாம் சொல்லுங்க," என்றார் கடைசியில். "எனக்கே பாதிப் பேர் தெரியல."

ஒவ்வொருவராகச் சொன்னார்கள். தாடிக்காரரும் நீலக் காலுறைக்காரரும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள் என்று அப்போதுதான் இருவருக்கும் தெரிந்தது.

"எங்க நிக்கட்டும் சார்?" என்றார் ஒருவர்.

"சின்ன வயசுல எங்க நின்னு ஆடினீங்க?"

"இடது பக்கம் சார். இங்க யாரும் கேக்கல, நடுவுல போட்டுட்டாங்க."

"அப்ப இடது பக்கம் நில்லுங்க. எல்லாரும் அவங்கவங்க எடத்துல நில்லுங்க. எனக்கு வேற ஒண்ணும் தெரியாதுப்பா."

இதுவரை எந்தப் பயிற்சியாளரும் இப்படி ஓர் உண்மையைப் பேசி அவர்கள் கேட்டதில்லை. வாயெல்லாம் பல்லாகக் கிளம்பிப் போனார்கள். நம் ஆளுக்கு லேசாக ஏதோ சரியில்லை என்று பட்டது.

கோட்டைக் கழற்றி, கோல் கம்பங்களுக்கு நடுவில் போய் நின்றார். ஐந்தாவது நிமிடமே முதல் பந்து வந்தது. இவர் எதையும் நினைப்பதற்குள் கை போய்விட்டது. தினம் இருநூறு பந்து, ஏழு வருடம். அவருக்கே தெரியாமல் உடம்பு பழகியிருந்தது. பரவாயில்லை, இப்போதுதானே ஆரம்பம், அடுத்தது உள்ளே போகும் என்று சமாதானம் செய்துகொண்டார். அடுத்ததும் கைக்கு வந்தது. அதற்கடுத்தது கம்பத்தில் பட்டது. இடைவேளை வரை இரண்டு பக்கமும் கோலில்லை. பார்வையாளர்கள் எழுந்து நிற்க ஆரம்பித்திருந்தார்கள். எல்லைக்கோட்டுக்கு வெளியே கடிதக் கோப்பு ஒன்றை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்ற செயலாளர், இரண்டாம் பாதியில் பார்த்துக்கொள்ளலாம் என்று கையால் சைகை செய்தார்.

இரண்டாம் பாதியில் எதிரணி ஏறி ஏறி அடித்தது. நம்மவர்கள் விழுந்து விழுந்து தடுத்தார்கள். இடது பக்கத்துக்காரர் இடது பக்கத்தை விட்டு நகரவே இல்லை. இப்படி ஆட இவர்களுக்குத் தெரியும் என்று யாருக்குமே தெரியாது. மணி ஓடிக்கொண்டிருந்தது. தோற்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்று நம் ஆள் முதல் தடவையாக நினைத்தார். அடுத்த ஆட்டம் பதினோரு நாள் கழித்துத்தான். திங்கட்கிழமை அவருக்காக அதுவரை காத்திருக்காது.

எண்பத்தெட்டாவது நிமிடம், விற்றுத் திரும்ப வாங்கிய முன்கள ஆட்டக்காரர் உதவி செய்யும் ஆசையில் பின்னால் ஓடிவந்து எதிராளியின் காலைத் தட்டிவிட்டார். பெனால்டி.

மைதானம் முழுக்க 'அடடா' என்றது. நம் ஆளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்த முன்கள ஆட்டக்காரரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கோட்டுக்கு வெளியே செயலாளர் கோப்பைத் திறந்து முத்திரைக்கு மை ஒற்றிக்கொண்டிருந்தார்.

தப்பாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. கெடுக்க வேண்டியதில்லை, ஏமாற்ற வேண்டியதில்லை. சும்மா நின்றால் போதும். பெனால்டியில் நின்ற இடத்தில் நின்று பந்து உள்ளே போவதைப் பார்த்த கோல்கீப்பரை உலகத்தில் யாரும் குற்றம் சொன்னதில்லை. நிற்கப்போகிறேன் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். கால் இரண்டையும் தரையில் நன்றாக ஊன்றிக்கொண்டார். நாளை மதியம் சாப்பாடு வீட்டில்.

எதிரணிக்காரர் ஓடிவந்தார். வலது பக்கம் தாழ்வாக, கம்பத்தை ஒட்டி அடித்தார். நல்ல அடி. நூற்றுக்குத் தொண்ணூறு கோல்கீப்பர்களுக்கு எட்டாது.

இவர் புல்லில் முகம் பதியக் கிடந்தார். பந்து மார்புக்கு அடியில் இருந்தது. இரண்டு கையும் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தன. மைதானம் அலறிய அலறலில் ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து உட்கார்ந்து தன் கைகளைப் பார்த்தார். பாவிக் கைகளே என்று திட்ட வாயெடுத்தார்; அதற்குள் பத்துப் பேர் ஓடிவந்து அவர் மேல் விழுந்தார்கள்.

விசில் ஊதியது. கோலில்லாமல் ஆட்டம் முடிந்தது. தலைவர் மைதானத்துக்குள் ஓடிவந்த வேகத்தில் ஒரு செருப்பு கழன்றுவிட்டது. மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்.

"இதைச் சிலர் டிரான்னு சொல்வாங்க. அது குறுகின பார்வை. பதினோரு ஆட்டமா நாம எதைத் தேடினோம்? தோக்காம இருக்கறதை! அதை இன்னைக்கு அடைஞ்சுட்டோம். இதெல்லாம் நான் அஞ்சு வருஷத்துக்கு முன்னாடியே போட்ட திட்டம்."

"சார்," என்றார் நம் ஆள். மூச்சு வாங்கியது. "சார், என்னை நீக்கிடுங்க. நான் ஊருக்குப் போகணும்."

"பாருங்க!" தலைவர் இவர் தோளைப் பிடித்து நிருபர்கள் பக்கம் திருப்பினார். "இந்த அடக்கத்தைப் பாருங்க! இந்த நேரத்துல இப்படிப் பேச யாருக்கு மனசு வரும்?"

நிருபர்கள் சிரித்து, கைதட்டி, எழுதிக்கொண்டார்கள். "சார், நெசமாவே சார், கையெடுத்துக் கும்பிடறேன்," என்று இவர் கும்பிட்டார். அதைத்தான் எல்லோரும் படம் எடுத்தார்கள். மறுநாள் பத்திரிகையில், ரசிகர்களுக்கு நன்றி சொல்லும் நாயகன் என்று அதன் கீழே போட்டிருந்தது.

செயலாளர் மெதுவாகப் பக்கத்தில் வந்தார். கோப்பை மூடியிருந்தார். "என்னால முடிஞ்சதை நான் தயார் பண்ணி வச்சிருந்தேன்," என்றார், உண்மையான வருத்தத்தோடு. "நீங்க பிடிப்பீங்கன்னு நான் நினைக்கல."

பெஞ்சுக்குப் போனார். பையில் போன் அடித்துக்கொண்டிருந்தது. மைத்துனர் ஆறு தடவை கூப்பிட்டிருந்தார். ஏழாவது அழைப்பு மனைவியுடையது. எடுத்தார்.

"எதுக்குங்க பிடிச்சீங்க?"

"தெரியலம்மா. நிக்கணும்னுதான் நெனச்சேன். பந்து வந்துச்சு."

"வந்தா?"

"வந்துச்சு, பிடிச்சுட்டேன்."

அந்தப் பக்கம் மனைவி மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பின்னால் குழந்தை அழுதுகொண்டிருந்தாள்.

"பாப்பா ஏன் அழறா? டிவில பாத்தாளா?"

"பாத்தா. நீங்க பிடிச்சப்போ சோபாவுல ஏறிக் குதிச்சா. எங்கப்பா எங்கப்பான்னு பக்கத்து வீட்டுக்கெல்லாம் ஓடிப்போய் சொல்லிட்டு வந்தா. அப்புறம் வந்து, அப்பா நாளைக்கு எத்தனை மணிக்கு வருவார்னு கேட்டா."

"என்ன சொன்னே?"

"என்ன சொல்றது? அப்பா தோக்கலடா கண்ணு, அதனால வரமாட்டார்னு சொன்னேன்."